வராந்தாவின் அகலம்

தலவாக்கலை
03.03.2024

அன்புத் தங்கச்சி ஜோசப்பினுக்கு,

நான் சுகம். அம்மாவும் சுகம், அந்த வலது முழங்காலைத் தவிர. அது என்றைக்குச் சுகமாக இருந்தது, இன்றைக்கு இருக்க? உனக்கு நீர்கொழும்பு வெயில் ஒத்துக்கொள்கிறதா? கன்னியர் மடத்தில் பயிற்சி முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்று நீ சொன்னபோது, இந்தக் காலத்தில் யாரடி உட்கார்ந்து கடிதம் எழுதுவது என்று சலித்துக்கொண்டேன். இப்போது தபால் கந்தோரில் என் முகத்தைப் பார்த்ததும் முத்திரையை எடுத்து நீட்டுகிறார்கள்.

போன ஞாயிறு உன்னைப் பார்த்துவிட்டு வந்த அம்மா சரியாகப் பேசவில்லை. வேறு நேரமென்றால் பஸ்ஸில் யார் இடம் கொடுத்தார்கள், யார் தூங்கி இவர் தோளில் விழுந்தார்கள் என்று ஒரு கிழமைக்குக் கதை ஓடும். இந்தத் தடவை, "நல்லா இருக்கா" என்றதோடு சரி. இரண்டு நாள் அடுப்படியில் உட்கார்ந்து உனக்காகச் சுட்ட அச்சுமுறுக்கு டின் மூடி திறக்காமலே திரும்பி வந்திருக்கிறது. "மடத்துல வெளிச்சாப்பாடு வாங்க மாட்டாங்களாம்" என்றார். நான்தான் தின்று தீர்க்கிறேன். சேலை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

அங்கே ஏதாவது நடந்ததா? அம்மாவுக்கு வழியில் உடம்புக்கு முடியாமல் போனதா? மறைக்காமல் எழுது. எனக்கு இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. இருபத்தேழு பிள்ளைகள், இருபத்தேழு வாய்கள்.

உன் அக்கா,
ஷிராணி


நீர்கொழும்பு
20.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். உங்களையும் அம்மாவையும் தினமும் காலைச் செபத்தில் நினைத்துக்கொள்கிறேன். தவக்காலம் என்பதால் இங்கே வேலையும் செபமும் அதிகம். வெயில் பழகிவிட்டது.

அம்மா வந்தது சந்தோஷம். அன்று நிறையப் பேர் வந்திருந்ததால் அதிக நேரம் பேச முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்திருக்கும்.

உங்கள் வகுப்பைப் பற்றி எழுதுங்கள். உங்களைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பிரியந்தி என்று என்னோடு பயிற்சியில் இருக்கும் சகோதரி, "உன் டீச்சர் அக்கா என்ன எழுதியிருக்கிறார்?" என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் கேட்பாள்.

இப்படிக்கு
ஜோசப்பின்


தலவாக்கலை
12.05.2024

அன்பு ஜோசப்பின்,

இங்கே சுகம். உன் சுகத்துக்கும் சேர்த்து இன்றைய பூசையில் வேண்டிக்கொண்டேன். அம்மாவின் முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். லயத்து வரிசை வீடுகள் முழுக்க அந்த வாசம்தான்.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

வியாழக்கிழமை பிள்ளைகளுக்குப் பல் பார்க்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இருபத்தேழு பேரும் இரண்டு வரிசையாக என் பின்னால். நான் நீலச் சேலை, கைப்பை, குடை என்று பெரிய மனுஷி கணக்காக முன்னால் போகிறேன். மேட்டு வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. தோட்டத்து ஜீப்பின் சத்தம் நமக்குத் தெரியாதா? அடுத்த நொடி பார்த்தால் நான் ரோட்டோரக் கானுக்குள் நிற்கிறேன். தண்ணீர் கணுக்கால்வரை ஓடுகிறது. குடையை மடக்கியிருக்கிறேன். கை கட்டியிருக்கிறேன். தலையும் குனிந்திருக்கிறது.

அம்மா நிற்பாரே, அதே நிற்பு. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து வரும்போது தோட்டத்துத் துரையின் ஜீப் கண்ணில் பட்டால் தலைத்துண்டை இழுத்து எடுத்துவிட்டுக் கானுக்குள் இறங்கிவிடுவார். ஜீப் வளைவைத் தாண்டும்வரை ஏற மாட்டார். இப்போது அப்படி ஒரு சட்டமும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. வயதான நாலைந்து பேர் பழக்கத்தில் செய்கிறார்கள். நான் ஆசிரியர் கலாசாலையில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். எனக்கு என்ன வந்தது?

திரும்பிப் பார்த்தேன். இருபத்தேழு பேரும் கானுக்குள். கை கட்டி, தலை குனிந்து. வெள்ளைச் சப்பாத்தெல்லாம் சேறு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜோசப்பின். இறங்குங்கள் என்று சொல்லவே இல்லை.

ஜீப்பில் துரையும் இல்லை. ஓட்டி வந்தவன் மிலான். என்னோடு படித்து, கடைசி வாங்குப் பலகையில் இருந்தானே, அவன்தான். பின்சீட்டில் துரையின் நாய். ஹட்டனுக்கு ஊசி போடக் கொண்டுபோகிறானாம். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நிஷாந்தி என்று ஒருத்தி இருக்கிறாள், வாய் ஓயாது. கானுக்குள் நின்றபடியே கேட்டாள்: "டீச்சர், நாய்க்கும் எறங்கணுமா?"

"சப்பாத்தத் தொடைங்க" என்றேன்.  அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் வெட்கமாக இருக்கிறது.

உன்
ஷிராணி அக்கா


நீர்கொழும்பு
02.06.2024

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். கடிதம் கிடைத்தது. நாயைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது, மன்னியுங்கள்.

நீங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழிவிடுவது நல்ல பழக்கம்தானே? எங்கள் மடத்துத் தலைவியான மதர் மனத்தாழ்மையைப் பற்றி அடிக்கடி சொல்வார். அம்மாவிடம் இருப்பதும் அந்தத் தாழ்மைதான் என்று நினைக்கிறேன். ஆண்டவர் தாழ்ந்தோரை உயர்த்துவார்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜோசப்பின்


தலவாக்கலை
16.06.2024

ஜோசப்பின்,

நாங்கள் சுகம். நீயும் சுகமென்று தெரிகிறது, பிரசங்கம் எழுதும் அளவுக்கு.

தாழ்மை வேறு, கான் வேறு. குருவானவர் பாதம் கழுவுகிற சடங்கு இல்லை இது. கானுக்குள் நிற்கும்போது எனக்கு ஆண்டவர் நினைவு வரவில்லை. பயம்தான் வந்தது. யாருக்குப் பயம் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. நீயும் இதே லயத்தில் பிறந்தவள். உனக்கும் தெரியும். தெரியாத மாதிரி எழுதாதே.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவன் ஜீப். மற்றவர்கள் கானுக்குள் குதிக்க வேண்டும். கடைசியாகக் குதிக்கிறவர் அவுட். நிஷாந்திதான் டீச்சர். ஒரு பையைத் தோளில் மாட்டி, இல்லாத சேலையைத் தூக்கிப் பிடித்து, இல்லாத குடையை மடக்கி, தலையைக் குனிந்து... அப்படியே நான். ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் கேவலம்.

கோபத்தில் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாம் உங்களப் பாத்துப் படிச்சதுதான்" என்று கத்தினேன். அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "நா ஒன்னைய எறங்கச் சொன்னேனா?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்லாத மாதிரியேதான். 

பல் வைத்தியம் முடியும்வரை ஒவ்வொரு வியாழனும் அதே ரோட்டில் போக வேண்டும். போன வியாழன் இறங்கவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் போனேன். ஜீப் வந்தது. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இறங்கிவிட்டது. ஆனால் இந்தத் தடவை நிஷாந்தி இறங்கவில்லை. ரோட்டு ஓரத்தில் நின்று ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டில் அவுட் ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்தாளோ என்னவோ. ஜீப் போவதற்கு இடம் தாராளமாக இருந்தது. போய்விட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கானுக்குள் இருந்து அவளை அண்ணாந்து பார்த்தேன்.

ஷிராணி


தலவாக்கலை
21.07.2024

அன்பு ஜோசப்பின்,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? போன கடிதத்தில் காரமாக எழுதிவிட்டேன், அதனால் கோபமா? சுகமென்று இரண்டு சொல்லாவது எழுதிப் போடு. அம்மா கேட்கவில்லை. ஆனால் தபால் வரும் நேரம் வாசலில்தான் நிற்கிறார்.

இந்த மாதம் நான் செய்த கூத்தைக் கேள். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வளைவுக்குப் போய் நின்றேன். சும்மா, தனியாக. லொறி வந்தது, நின்றேன். ஆட்டோ வந்தது, நின்றேன். அதற்கெல்லாம் கால் பயப்படுவதில்லை. ஜீப் சத்தத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நிஷாந்தி நின்றதை மனதில் வைத்துக்கொண்டு, ரோட்டோரப் புல்லில் கால் விரலை ஊன்றிக்கொண்டு நின்றேன். மூன்று ஞாயிறு. அம்மா மேல் லயத்திலிருந்து பார்த்துவிட்டு, "நடு ரோட்டுல யாருக்குடி காத்துக்கிட்டு நிக்கிற? மாப்பிள்ளையா வரப்போறாரு?" என்று கேட்டார். கானைப் பற்றி இருவரும் பேசுவதே இல்லை.

முந்தின வியாழன் ஜீப்பில் துரையே வந்தார். நின்றேன். குடையை விரித்தபடியே பிடித்துக்கொண்டேன். பின்னால் ஏழு பிள்ளைகள் ரோட்டில் நின்றார்கள், இருபது பேர் கானுக்குள். இந்த வியாழன் பதினாறு பேர் ரோட்டில். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. என் முதுகைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

துரை போனில் எதையோ தடவிக்கொண்டு போனார். எங்களைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் யாருக்காக இறங்கினோம்?

நின்றுவிட்டால் வெட்கம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இவ்வளவுதானா, இதையா முப்பத்திநாலு வயதுவரை செய்யாமல் இருந்தேன் என்று இன்னும் கூடிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பதில் போடு.

அக்கா


நீர்கொழும்பு
04.08.2024

அன்புள்ள அக்கா,

எனக்குக் காய்ச்சல் இல்லை. கோபமும் இல்லை. நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பெப்ரவரியில் அம்மா வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். களைப்பு என்று எழுதினேன். அது பொய்.

அம்மா வராந்தா வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். சிற்றாலயத்திலிருந்து மதர் வந்தார். அம்மா சட்டென்று எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வராந்தாவிலிருந்து முற்றத்து மணலில் இறங்கி, கை கட்டி நின்றார். நல்ல வெயில், மணல் சுட்டிருக்கும். மதருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பிரியந்தியும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரியந்தி என்னிடம் சிங்களத்தில், "யார் அவங்க?" என்று கேட்டாள்.

"தோட்டத்திலிருந்து வந்திருக்கிற ஒருத்தர்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், அக்கா. என்னைப் பெற்றவர் மூன்று அடி தள்ளி மணலில் நிற்கிறார். ஆண்டவரைத் தெரியாது என்று மறுத்த இராயப்பருக்காவது மூன்றாம் முறைக்குப் பிறகு சேவல் கூவியது. எனக்கு அதுவும் கூவவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டேன். சிங்களத்தில் சொன்னதால் அம்மாவுக்குப் புரிந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கே எல்லோரிடமும் உங்களைப் பற்றித்தான் பேசுவேன். டீச்சர் அக்கா, டீச்சர் அக்கா என்று. அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். நீங்கள் கானுக்குள் இறங்கியதை எழுதியபோது நான் தாழ்மை என்று பதில் எழுதினேனே, அதை எழுதும்போதே கை கூசியது. நீங்கள் இறங்கி நின்றீர்கள், அவ்வளவுதான். நான் வராந்தாவில் நின்றுகொண்டே அம்மாவை இறக்கிவிட்டேன்.

நாய்க்காக நின்றதைக்கூட மறைக்காமல் எழுதினீர்கள். அதைப் படித்துப் படித்துத்தான் எனக்கும் எழுத முடியும் என்று வந்தது. டிசம்பரில் எனக்கு முதல் வார்த்தைப்பாடு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். அம்மாவை மறுத்த வாயால் எப்படிக் கொடுப்பேன்? அம்மா வராவிட்டால் நான் கொடுக்கப் போவதில்லை.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியும் விடாமல்.

ஜோசப்பின்


தலவாக்கலை
25.08.2024

அன்பு ஜோசப்பின்,

அம்மா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னை அறைய வேண்டும் போல் இருந்தது. பிறகு, டீச்சர் அக்கா என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எனக்குப் பெருமையாகத்தானே இருந்தது, அப்போது அம்மாவைப் பற்றிச் சொன்னாயா என்று நான் ஒரு கடிதத்திலாவது கேட்டேனா என்று நினைத்துப் பார்த்தேன். அறைய வேண்டிய கன்னம் இரண்டு இருக்கிறது.

மூன்று நாள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. "தோட்டத்திலிருந்து வந்திருக்கிற ஒருத்தர்" என்ற இடத்தில் கடிதத்திலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஆய்வதை நிறுத்தவில்லை.

முடிந்ததும், "எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டாளா?" என்று கேட்டார். "முப்பது வருசமா டவுன்ல சிங்களக் கடையில சாமான் வாங்குனவ நானு. அவ சொன்னது எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சி."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ அவள ஏசுவ. நா எறங்குனதப் பாத்து அவளுக்கு வெக்கமாப் போச்சி. எனக்கும் எறங்குன பொறகுதான் தெரிஞ்சிச்சி. நா வேணுமின்னா எறங்குனேன்? காலு எறங்கிருச்சி."

காலின் மேல் பழி போட நானும் அம்மாவும் ஒரே மாதிரித்தான் பழகியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கீரையைச் சுளகோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.  சாப்பாடு போடும்போதுதான் கேட்டார்:

"அந்த வராந்தா எவ்வளவு அகலம்னு கேட்டு எழுது. அந்த மதர் போறப்ப, நா எறங்காம ஓரமா நிக்க எடம் இருக்குமா?"

ஞாயிறுவரை பொறுக்காமல் நேற்றுச் சனிக்கிழமையே போனோம். அம்மா என்னோடு வளைவுக்கு வந்தார். ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார், மற்றக் கை தலைத்துண்டில். மிலான்தான் ஜீப்பில் வந்தான். துண்டை எடுத்துவிட்டார். ஆனால் இறங்கவில்லை.

ஷிராணி


நீர்கொழும்பு
10.09.2024

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

சுகம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் தையல் அறைக்குப் போய் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். வராந்தாவில் மண்டியிட்டு, சுவரிலிருந்து விளிம்புவரை பிடித்துப் பார்த்தேன். கண் கலங்கியிருந்ததால் இரண்டு தடவை அளந்தேன். ஏழடி இரண்டங்குலம்.

பிரியந்தி வந்து, "என்ன அளக்கிறாய்?" என்று கேட்டாள்.

"எங்கம்மா டிசம்பரில் வருவார். அவர் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றேன்.  "பெப்ரவரியில் மணலில் நின்றவர்தான். கொழுந்து பறித்து எங்களை வளர்த்தவர். அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன்."

அவள் டேப்பின் மற்ற முனையைக் குனிந்து பிடித்துக்கொண்டாள். "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள். "உன் முகமேதானே அவங்களுக்கு."

அவளுக்குத் தெரியுமாம். மற்றவர்களுக்கும் தெரியுமாம். ஏழு மாதமாக ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நான் மட்டும்தான் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறேன். அன்றிலிருந்து அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. ஆனாலும் பார்க்கிறேன்.

அம்மா, உங்களுக்கு இதை அக்கா வாசிப்பார். நாம் மூன்று பேரும் நின்றாலும் மதர் தாராளமாகப் போகலாம். உங்கள் கால் இறங்கினால் இறங்கட்டும், நானும் கூட இறங்குகிறேன். செருப்பை மட்டும் கழற்றாதீர்கள், மணல் சுடும்.

இன்னொன்று. போன கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்தேன், இதை எழுதக் கை வரவில்லை. டிசம்பரில் அச்சுமுறுக்கு டின்னையும் கொண்டுவாருங்கள். மடத்தில் வெளிச்சாப்பாடு வாங்குவார்கள், அம்மா. எப்போதும் வாங்குவார்கள். அன்றைக்கு உங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட நான்தான் அப்படிச் சொன்னேன்.

உங்கள் மகள்,
ஜோசப்பின்